டெல்டாவில் போரின் சுவடு தேடுகிறவர்களுக்கு

லண்டனிலோ சிங்கப்பூரிலோ போர் அருங்காட்சியகம் பார்த்துப் பழகியவர்கள் காவிரி டெல்டாவுக்கு வந்ததும் அதே போல ஒன்று இங்கே எங்கே என்று விசாரிக்கிறார்கள். அப்படி ஒரே கட்டடமாக எதுவும் கிடையாது. கலைக்கூடத்தில் ஒரு சிலை, கடலோரத்தில் ஒரு கோபுரம், மார்க்கெட் எதிரே ஒரு கல்வெட்டு என்று போரின் நினைவு இங்கே சிதறிக் கிடக்கிறது. எதன் முன்னால் நின்றாலும், வைத்தது யார், யாரை நினைத்து வைத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அலைந்ததற்குப் பலன் கிடைக்கும்.

தஞ்சாவூரில் தொடங்குவது நல்லது. அரண்மனை வளாகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி சீட்டு வாங்க வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அங்குள்ள ஊழியரிடம் தாராசுரத்திலிருந்து வந்த துவாரபாலகர் எங்கே என்று கேளுங்கள். கருங்கல் சிலை. பெரிய கோயில் வாசல் காவலர்களைப் பார்த்த கண்ணுக்கு இவர் வேற்றூர்க்காரர் என்று உடனே தெரியும், அது சாளுக்கியச் சிற்பிகளின் கைவேலை. பீடத்தில் தமிழில் ஒரே வரி: விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலர். விஜயராஜேந்திரன் என்ற பட்டம் கொண்ட சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரைச் சூறையாடிவிட்டுத் தூக்கிவந்த வெற்றிப் பொருள் இது. கல்யாணபுரம் என்பது இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண். அங்கிருந்து காவிரிக்கரை வரை இந்தக் கனத்தைச் சுமந்தும் இழுத்தும் வந்தவர்கள் எத்தனை பேரோ, கல்லில் அரசன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த அரசனும் 1054இல் கொப்பத்துப் போரில் யானை மேலேயே மாண்டான். "யானைமேல் துஞ்சிய தேவர்" என்று கல்வெட்டுகள் அவனைச் சொல்லும். சிலைக்குப் பக்கத்தில் இந்தக் கதையை நாலு வரி எழுதி வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிற்பார்கள் என்பது என் ஆதங்கம்.

அப்புறம் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டுக்கு ஓர் ஆட்டோ பிடியுங்கள். சுமார் 25 அடி நீளம், 22 டன் எடை கொண்ட நாயக்கர் காலத்துப் பீரங்கி. இதை வார்க்கவில்லை, இரும்பைக் காய்ச்சி அடித்து அடித்தே இணைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள், வளையம் வளையமாகக் கோத்திருப்பது தெரியும்.

தஞ்சாவூரை ஒட்டிய விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் இருக்கிறது. 2009இல் ஈழப் போரின் கடைசிக் கட்டத்தில் மாண்டவர்களுக்காக 2013 நவம்பரில் திறந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே, ஆக்கிரமிப்பு என்று சொல்லி அரசு அதன் சுற்றுச்சுவரை இடித்தது. ஈழத்திலிருந்து வேறு நாடுகளுக்குப் போன குடும்பங்களுக்கு இந்தக் கற்சிற்பங்கள் வரலாறு இல்லை, சொந்த வீட்டு இழவு. அப்படிப்பட்டவர்களோடு போனால் அவர்கள் கிளம்பலாம் என்று சொல்லும்வரை அவசரப்படுத்தாதீர்கள். செல்ஃபி வேண்டாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து சேதுபாவாசத்திரம் வழியே போனால் மனோரா. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி கட்டிய அடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் யாரோ யாரையோ ஜெயித்ததற்குத் தஞ்சைக் கடற்கரையில் எதற்கு வெற்றித்தூண்? சரபோஜி 1799 ஒப்பந்தத்திலேயே நாட்டின் நிர்வாகத்தை பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டவர். கையில் மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றியுள்ள இடமும்தான். தனக்கென்று போரிட ஒன்றும் இல்லாத மன்னர், நண்பர்களின் போருக்குத் தூண் எழுப்பினார். பிரிட்டிஷாரின் வெற்றியைப் புகழும் வாசகங்களைச் சுவரில் பல மொழிகளில் காணலாம், தமிழும் உண்டு. கட்டடம் 2004 சுனாமியில் அடிவாங்கியது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், நிழல் குறைவு.

திருச்சியில் காந்தி மார்க்கெட் பக்கம் முதல் உலகப் போர் நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. காய்கறி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அதைக் கவனிப்பவர் குறைவு. போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர்கொடுத்தவர் இத்தனை பேர் என்று கல்வெட்டில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை. அதே ஊரில் கன்டோன்மென்ட் பகுதிக்குப் போனால், 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக்கில் உயிர்நீத்த மேஜர் சரவணனின் நினைவிடம் இருக்கிறது. வீர சக்ரா பெற்றவர். இங்கே பெயர் இருக்கிறது, ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்த வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

ஜூலையில் வருகிறவர்கள் காரைக்காலையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பங்கள் அங்கே உண்டு. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள்.

மலேசியா, சிங்கப்பூர் சொந்தங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன உங்கள் தாத்தா, பாட்டி தலைமுறையில் நேதாஜி படையில் சேர்ந்தவர்களும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் செத்துப்போனவர்களும் ஏராளம். டெல்டாவில் அவர்களுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டியைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்துக் கடிதமும் போட்டோவும் கிராமத்து டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், கரையான் போக மிச்சம். பெரியப்பாவோ அத்தையோ சம்மதித்தால் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், அசல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். போட்டோவில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். இதைக் கேட்க ஓர் ஆள் வராதா என்று காத்திருப்பவர்கள் உண்டு.

இரண்டு உலகப் போர்களில் ஏதாவது ஒன்றில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். பழைய எழுத்துக்கூட்டல் விதவிதமாக இருக்கும் என்பதால் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பின் மிலிட்டரியில் இருந்தவர் பற்றி விசாரிக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள படை எண்ணையும் ரெஜிமென்ட் பெயரையும் குறித்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் நகரும். டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்கள் 7ஆம் தேதி படைவீரர் கொடிநாளுக்கு முன்பே வந்துவிட்டால், அந்த அலுவலகத்திலேயே நிதி கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு மனோராவையோ சொந்தக்காரர் வீட்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.