குல்மார்க் பனிச்சறுக்கு: முன்னறிவிப்பை மலையோடு சேர்த்துப் படிப்பது எப்படி

போனில் ‘குல்மார்க், மைனஸ் 3 டிகிரி, பனிப்பொழிவு’ என்று வந்தால் உடனே பார்க்க வேண்டியது, அந்த எண் எந்த உயரத்துக்கானது என்பதை. குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் முடியும் கொங்டூரி சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் இறக்கிவிடும் அபர்வத் 3,900 மீட்டருக்கு மேல். ஊருக்கும் உச்சிக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால், கீழே மைனஸ் 3 என்றால் மேலே மைனஸ் 11 அல்லது 12.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலகளாவிய கணினி மாதிரிகள் மலையைச் சில கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக வைத்துக் கணக்கிடுகின்றன. அந்தக் கட்டத்தின் சராசரி உயரம் நிஜ உயரத்தோடு பொருந்தாது. ஆகவே உயரத்தை நாமே தேர்ந்தெடுக்க வசதியுள்ள ஆப்பைப் பயன்படுத்துங்கள். ‘விண்டி’ ஆப்பில் உயரங்கள் காற்றழுத்த அடுக்குகளாக வரும்: 700 ஹெக்டோபாஸ்கல் அடுக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர், 600 அடுக்கு ஏறத்தாழ 4,200 மீட்டர். முதல் அடுக்கை கொங்டூரிக்கும் இரண்டாவதை உச்சிக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

காஷ்மீரின் குளிர்காலப் பனியில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது ‘மேற்கத்திய இடையூறு’ எனப்படும் காற்றழுத்தத் தாழ்வு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகர்ந்து வருவது என்பதால் ஐந்தாறு நாள் முன்பே வரைபடத்தில் தென்படும். ஆனால் அவ்வளவு முன்னால் காட்டும் சென்டிமீட்டர் கணக்கை நம்பி டிக்கெட் மாற்ற வேண்டாம். ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க ஜி.எஃப்.எஸ். இரண்டையும் அருகருகே வையுங்கள். நேரத்தில் அரை நாள் வித்தியாசம் சகஜம். ஒன்று 50 சென்டிமீட்டர் என்றும் மற்றது 5 என்றும் சொன்னால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று பொருள். மூன்று நாளுக்குள் வந்த பிறகு ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில்லாய் கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிர், டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரை. குளிர் இருப்பதால் பனியும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் வெறும் தரையாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது.

அளவைக் கணக்கிடும்போது பனியின் சென்டிமீட்டரைவிட அதிலுள்ள நீரின் மில்லிமீட்டர் நம்பகமானது. 1 மில்லிமீட்டர் நீர் சுமார் 1 சென்டிமீட்டர் பனி என்பது பொதுக் கணக்கு. பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பத்தில் அது அரை சென்டிமீட்டர் கனத்த ஈரப் பனியாகவும், மைனஸ் 10-க்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் வரை மாவு போன்ற உலர்பனியாகவும் விழும். அதே 20 மில்லிமீட்டர்தான், ஊரில் 10 சென்டிமீட்டர் ஈரப் பனி, உச்சியில் 30 சென்டிமீட்டர் உலர்பனி என்று ஆகலாம். வெப்பம் பூஜ்ஜியமாகும் உயரமான உறைநிலை மட்டத்தையும் பாருங்கள். அது 3,000 மீட்டரில் இருந்தால் பனி சுமார் 2,700 மீட்டர் வரை இறங்கும். ஊரில் மழை, கொங்டூரியில் பனி. மழை நனைத்த பனி இரவில் உறைந்தால் மறுநாள் கீழ்ச் சரிவுகள் கண்ணாடிதான்.

அடுத்தது காற்று. பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான், இரண்டாம் கட்டம் திறக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் இதுதான். மைனஸ் 10-ல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடலுக்கு அது மைனஸ் 21. அதைவிட முக்கியம் பனியின் இடமாற்றம். மணிக்கு 25 கிலோமீட்டர் தாண்டினாலே உலர்பனி தரையோடு நகரத் தொடங்கும். அபர்வத் முகடு குல்மார்க்குக்கு மேற்கே இருக்கிறது. நாம் இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கைப் பார்த்தவை. மேற்குக் காற்று முகட்டின் மறுபக்கப் பனியை வாரி, நம் பக்கத்தில் கொட்டி, பலகை போல் இறுக்கும். வானத்திலிருந்து 20 சென்டிமீட்டரே விழுந்திருந்தாலும் முகட்டுக்குக் கீழே 60 சென்டிமீட்டர் குவிந்திருக்கலாம். காலையில் முகட்டிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி பனி பறப்பது தெரிந்தால் இந்தக் குவிப்பு நடந்துகொண்டிருக்கிறது.

பொழிவு நின்று வானம் நீலமாகத் திறக்கும் முதல் நாள்தான் மிக அழகானது, பனிச்சரிவால் மிக ஆபத்தானதும் அதுவே. 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்திருந்தால், அல்லது பலத்த காற்று அடித்திருந்தால், 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளை விட்டு விலகுங்கள். அவற்றின் அடிவாரமும் பாதுகாப்பல்ல. ரோந்துக் குழுவினர் வெடிவைத்துச் சோதித்துத் திறப்பது கோண்டோலாவை ஒட்டிய பள்ளத்தை மட்டுமே. எல்லைக் கயிற்றைத் தாண்டினால் யாரும் சோதித்திராத பனி. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் இறந்தனர்.

சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்னும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குல்மார்க்குக்கு பாரமுல்லா மாவட்டத்தைப் பாருங்கள். ஐந்து நிலைகளில் 3 என்றால் நடுத்தரம்தானே என்று தைரியம் கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் அதிக உயிர்கள் போவது அந்த நிலையில்தான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண் என்பதால் காலடியில் இருக்கும் பனியையும் நீங்களே படிக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனிமீது பல நாள் தெளிவான குளிரிரவுகள் கடந்திருந்தால், அடியில் பனி சர்க்கரை போல உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி ஏறினால் பிடிப்பிருக்காது. காலடியில் ‘வும்ப்’ என்று உள்வாங்கும் ஓசை கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ அந்தச் சரிவை அப்போதே விட்டுவிடுங்கள். டிரான்சீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீள்கம்பி), மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவரே புதைந்துவிட்டால் தோண்ட யாருமில்லை.

சாலையையும் கணக்கில் சேருங்கள். தங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரை 13 கிலோமீட்டர் ஏற்றம். பெரும்பொழிவுக்குப் பின் சங்கிலி கட்டிய வண்டிகளுக்கோ நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கோதான் வழி. பொழிவு முடியும் நாளுக்கே திரும்பும் விமானத்தைப் பதிவு செய்யாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

மார்ச் பாதிக்கு மேல் விதி மாறும். அப்போது பார்க்க வேண்டியது இரவு வானம். தெளிந்த இரவில் ஈரப்பனி நன்றாக உறையும்; காலை வெயிலில் மேல் இரண்டு சென்டிமீட்டர் ரவை போல இளகும்போது சறுக்க அருமையாக இருக்கும். மேகமூட்டமான இரவில் வெப்பம் வெளியேறாது, பனி உறையாது, விடிவதற்குள்ளேயே கூழ்தான். கிழக்குச் சரிவு முதலில் இளகும் என்பதால் அங்கே சீக்கிரம் தொடங்கி, பிறகு வடக்குச் சரிவுக்கு மாறுங்கள். பூட்ஸ் கணுக்கால் வரை புதையத் தொடங்கினால், மணி பதினொன்றே ஆகியிருந்தாலும் கீழே இறங்கிவிடுங்கள்.