வென்ற பணம், தோற்ற பணம்: சமன்பாட்டில் சறுக்கும் இடங்கள்

செட்டிநாட்டு வீட்டு வளவில் பிள்ளைகள் தாயம் ஆடும்போது புளியங்கொட்டைதான் பணம். ஒரு கொட்டை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாடப்புத்தகத்து வெற்றி தோல்விக் கணக்குகளை அங்கேயே ஆடிப் பார்த்துவிடலாம்.

ஜெயித்தால் 5 ரூபாய் வரும், தோற்றால் 3 ரூபாய் போகும், 20 ஆட்டம் முடிந்தபோது 36 ரூபாய் லாபம், ஜெயித்தது எத்தனை? ஜெயித்த ஆட்டங்கள் ‘வ’ என்றால் தோற்றவை 20 − வ. (சமனில் முடிந்த ஆட்டம் கிடையாது என்று கேள்வியிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வரியே தவறு.)

5வ − 3(20 − வ) = 36

பெரும்பாலோர் விழுவது அடுத்த வரியில். அடைப்பைப் பிரிக்கும்போது 5வ − 60 − 3வ என்று எழுதிவிடுகிறார்கள். 2வ = 96, வ = 48. ஆடியதே 20 ஆட்டம், ஜெயித்தது 48ஆம்! கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் தொட வேண்டும்: 5வ − 60 + 3வ. அப்போது 8வ = 96, வ = 12. சரிபார்ப்பதைச் சமன்பாட்டில் செய்யாதீர்கள், அதுவே பிசகாக இருக்கலாம். கேள்வியில் வைத்துப் பாருங்கள்: 12 வெற்றிக்கு 60, 8 தோல்விக்கு 24, மீதி 36.

இரண்டு பேருக்குள் பணம் கைமாறும் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதுவது இன்னொரு பழக்கம். வள்ளியிடம் 180, முத்துவிடம் 60. வள்ளி எவ்வளவு தோற்றால் இருவரிடமும் சமமாக இருக்கும்? வித்தியாசம் 120, அதனால் 120 என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். 120 போனால் வள்ளியிடம் 60, முத்துவிடம் 180. கதை அப்படியே தலைகீழ். கைமாறும் பணம் ‘ப’ என்றால் 180 − ப = 60 + ப, ஆக ப = 60. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கணக்கில் பற்றும் வரவும் நேராகாமல் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) முடியாது. இங்கும் அதே கதைதான்.

‘மூன்றில் ஒரு பங்கு தோற்றான், மீதியில் நான்கில் ஒரு பங்கு தோற்றான்’ என்றால் இரண்டு பின்னத்தையும் கூட்டக் கூடாது. மிஞ்சியது ⅔ × ¾, அதாவது சரிபாதி.

சதவீதத்தில் ‘எதன் மேல்’ என்பதுதான் வில்லங்கம். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடைக்காரர் இரண்டு பித்தளை அண்டாக்களைத் தலா 2400 ரூபாய்க்கு விற்கிறார். ஒன்றில் 20% லாபம், மற்றொன்றில் 20% நட்டம். இரண்டும் சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் சதவீதம் கணக்கிடுவது வாங்கிய விலை (‘வி’) மேல்: 1.2வி = 2400 என்றால் முதல் அண்டா 2000; 0.8வி = 2400 என்றால் இரண்டாவது 3000. போட்ட முதல் 5000, கைக்கு வந்தது 4800. 200 ரூபாய் கையைக் கடித்தது, அதாவது 4% நட்டம்.