பிரெஞ்சுப் பிரதமர் பதவியின் வரலாற்றை நேர்முகத்துக்குப் படிப்பது எப்படி

பிரெஞ்சுப் பிரஜாவுரிமை நேர்முகத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் ஞாயிறு பின்னேரங்களில் என் சமையலறை மேசைக்கு வருவார்கள். அநேகமாகக் கையில் பிரதமர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கும். முதலில் அதை மடித்து வைக்கச் சொல்வேன். 1946இல் தொடங்கி 1958இல் முடிந்த ஆட்சிமுறையான நான்காம் குடியரசு நீடித்ததே 12 வருடம். அதற்குள் இருபதுக்கு மேல் அரசாங்கங்கள் வந்து போயின. அவ்வளவு பெயரையும் பாடமாக்கி என்ன காண்பது?

கொப்பியில் ஒரு கோடு கீறி 1815, 1875, 1935, 1958 என்று குறியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: அரசாங்கத் தலைவரை யார் வீட்டுக்கு அனுப்பலாம்?

1815இல் அரசாங்கத் தலைவராக இருந்த தாலேரான் வகித்த பதவிக்கு ‘பிரெசிதான் து கொன்செய்’, அமைச்சரவைத் தலைவர், என்று பெயர். அனுப்புகிறவர் அரசர். அவ்வளவு போதும்.

1875இல் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஆண்டின் அரசியலமைப்புச் சட்டங்களில் இந்தப் பதவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமைச்சர்கள் கூட்டாக நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பு என்று மட்டும் இருந்தது. அவர்களில் ஒருவர் வழக்கத்தால் தலைவரானார். நாடாளுமன்றம் நினைத்தால் கவிழ்த்தது. தனி அலுவலகம் கிடையாது, அதனால் ஏதாவது ஓர் அமைச்சையும் கையில் வைத்திருப்பார். 1917இல் கிளெமொன்சோ போர் அமைச்சராகவும் இருந்தது அப்படித்தான். இந்த இடம் விளங்கினால் மீதி தானாக விளங்கும்.

1935இல்தான் இந்தப் பதவிக்குச் சொந்த வீடு கிடைத்தது. பாரிஸ் 7ஆம் வட்டாரம், வரேன் வீதி, 57ஆம் இலக்கம்: மத்தினியோன் மாளிகை. முதல் உலகப்போர் வரை அது ஆஸ்திரிய-ஹங்கேரியத் தூதரகம். அடுத்த வருடம் ஜூனில் அப்போதைய அமைச்சரவைத் தலைவர் லியோன் புளூம் முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் அங்கே இருத்திச் சம்பள உயர்வுக்கு ஒப்பந்தம் செய்வித்தார். சம்பளத்தோடு இரண்டு கிழமை விடுமுறை தரும் சட்டமும் அதே மாதம் வந்தது. நாங்கள் வேலையிடத்தில் எடுக்கிற ‘கொன்ஜே’யின் தொடக்கம் அது. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறும். எனக்கு மிகவும் பிடித்த இடம்.

1958இன் அரசியலமைப்பில் பெயர் ‘பிரெமியே மினிஸ்த்ர்’ ஆனது. அடுத்த ஜனவரியில் மிஷேல் தெப்ரே முதலாவதாக அமர்ந்தார். 8ஆம் உறுப்பின்படி நியமிக்கிறவர் ஜனாதிபதி. ஆனால், பிரதமர் பதவி விலகலைக் கொடுத்தால்தான் அவரது பணி முடியும். 49ஆம் உறுப்பின்படி தேசியச் சபை கவிழ்க்கலாம்: 1962இல் பொம்பிதூ, 2024 டிசம்பரில் பார்னியே. 8, 49 என்ற இந்த இரண்டு உறுப்பு எண்களையும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்.

அதன் பக்கத்தில் 1986, 1993, 1997 என்று குறியுங்கள். எதிரணி சபையை வென்றதால் ஜனாதிபதி அந்த அணியிலிருந்தே பிரதமரை எடுக்க வேண்டி வந்த ஆண்டுகள் அவை. இதற்கு ‘கொஅபித்தாசியோன்’ என்பார்கள். 1986இல் ஜனாதிபதி மித்தெரோனும் எதிரணிப் பிரதமர் ஷிராக்கும் ஒரே மேசையில் இருந்ததை நினைவில் வைத்தால் போதும்.

பிறகு கொப்பியை மூடிவிட்டு, யார் நியமிப்பார், யார் கவிழ்ப்பார் என்று பிரெஞ்சில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடக்குகிற இடத்தில் திரும்பக் கொப்பியைத் திறவுங்கள்.