பரம்பிக்குளம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புலிகள் காப்பகமான பரம்பிக்குளம், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் எங்கள் சித்தூர் தாலுகாவில், முதலமடை பஞ்சாயத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் கொழிஞ்சாம்பாறைக்காரர்களான நாங்கள் காரில் அங்கே போக வேண்டுமானால், எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று சுற்றித்தான் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பலரும் தவறு செய்யத் தொடங்குவது இந்த வழியில்தான். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பக்கம்தானே என்று காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புகிறார்கள். சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறையின் சோதனைச் சாவடி, ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடி. இரண்டிலும் தனித்தனியே கட்டணம். பைக்கில் வந்தால் சேத்துமடையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காட்டுக்குள் சுற்றிக்காட்டும் வனத்துறை வண்டிகள் சிலவே. விடுமுறை நாளில் பதினொரு மணிக்கு வந்து நிற்கிறவர்களுக்கு இடம் இருக்காது. முன்பதிவு செய்துகொண்டு விடியற்காலையில் புறப்படுங்கள். பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பார்க்காமல் போவதும் தவறுதான். தென்மேற்கு மழைக்காலத்தில் அட்டை ஏறும். நீளமான காலுறை வேண்டும். கோடை தொடங்கும்போது காட்டுத்தீ பயத்தால் அனுமதியை நிறுத்திவிடுவதும் உண்டு. விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சத்தம். ஒருமுறை எங்கள் வண்டியில் வழிகாட்டியாக வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த காடர் இனத்துப் பெரியவர். பாதையோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, யானை லத்தியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை. பக்கத்தில் மூங்கில் ஒடிந்து, முறிந்த இடம் ஈரமாக வெளுத்திருந்தது. வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினார். கொஞ்ச நேரத்தில் மரத்தின் மேலிருந்து கருமந்தி ஒன்று அடித்தொண்டையில் எச்சரிக்கை கொடுத்தது. அடுத்து ஒரு கடமான் கத்தியது. புலியோ சிறுத்தையோ நடமாடினால் இப்படித்தான் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் என்று காதோடு சொன்னார். அதே நேரத்தில் பின்னால் வந்த வேனில் பாட்டும் கூச்சலுமாக இருபது பேர் வந்து சேர்ந்தார்கள். காடு அப்படியே அடங்கிவிட்டது. ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை என்று திரும்பும்போது குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். காட்டில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். போனை எடுத்து உள்ளே வையுங்கள். குழந்தைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

அடுத்தது, குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பது. பாவம் பார்த்துக் கொடுப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பிஸ்கட் ருசி கண்ட குரங்கு இரை தேடிப் போவதை விட்டுச் சாலையோரத்தில் குந்திக்கொள்கிறது. வண்டியில் அடிபடுகிறது, கை நீட்டாதவரிடம் பிடுங்குகிறது, கடிக்கிறது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையைக் கீழே போட்டால் மானும் காட்டுப்பன்றியும் அதை உறையோடு விழுங்கிவிடும். சோற்று மூட்டையைப் பிரித்தால் மிச்சத்தையும் உறையையும் வண்டிக்குள்ளேயே வைத்துத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

யானையைப் பார்த்தவுடன் படமெடுக்க இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. குட்டியோடு நிற்கும் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகக்கூடாது. ஹாரன் அடிக்க வேண்டாம், விளக்கைப் பாய்ச்ச வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, அது பாதையைக் கடக்கும்வரை காத்திருங்கள். காதை விரித்து, தலையைத் தூக்கி உங்களையே பார்த்து நின்றால், மெல்லப் பின்வாங்கிவிடுங்கள்.

நீர்த்தேக்கத்தில் கால் நனைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காக எழுந்த அணைகள் இவை. கரையில் வெயில் காயும் முதலை, தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டை போலவே தெரியும்.

கடைசியாகக் கன்னிமாரா தேக்கு. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர்; ஐந்து பேராவது கை கோத்தால்தான் வளைக்க முடியும். வயது 450 ஆண்டு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டதாகவும், அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்றும் மலைமக்கள் சொல்கிறார்கள். அவர்கள் அதை வணங்குகிறார்கள். பட்டையை உரித்து வீட்டுக்கு எடுத்துப் போவது, ஆணியால் பெயர் கீறுவது எல்லாம் அவர்களுடைய கோயிலில் கை வைப்பதற்குச் சமம். அன்று எங்களோடு வந்த பெரியவர் அந்த மரத்தடிக்குப் போகும்போது செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். நாங்களும் கழற்றினோம்.