துவக்கு வெடிக்கிற கல்யாணத்துக்குப் போனால்

சுவிஸில் நான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்ட் குசினியில் பத்து வருடமாக என் பக்கத்தில் நின்று சலாட் வெட்டுகிற பொடியன் கொசோவோக்காரன், அங்கே பெரும்பாலானோரைப் போல அல்பேனியன். அவனுடைய கல்யாணத்துக்கு நானும் மனைவியும் கொசோவோவில் சுஹரேக்காப் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். பொம்பிளையைக் கூட்டிவரப் போன கார்கள் முற்றத்துக்குத் திரும்பின. மேளமும் நாயனம் மாதிரி ஒரு குழலும் உச்சத்துக்குப் போன நேரம், யாரோ ஒருவர் ஏகே துவக்கை வானத்துக்கு நீட்டிப் படபடவென்று வெடித்தார். சனம் கைதட்டியது. நான் ஒருவன்தான் கோட்டும் ரையுமாய்ச் சீமெந்தில் குப்புறக் கிடந்தேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்த உடம்பு. மூளையைக் கேட்டு விழுவதில்லை.

சுவிஸில் எங்கட ஆக்களுக்கு அல்பேனிய நண்பர்கள் இல்லாத வேலையிடம் குறைவு. ஆவணி லீவில் கொசோவோவில் கல்யாணங்கள் குவிகிற காலம், உங்களுக்கும் ஒருநாள் அழைப்பு வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாக் கல்யாணத்திலும் வெடிப்பதில்லை. சட்டப்படி அது குற்றம்தான், பொலிஸும் வரும். ஆனாலும் வெடிக்கிற இடத்தில் வெடிக்கிறார்கள்.

முதல் வேலை, ரிக்கெற் போட முன்னமே மாப்பிள்ளையிடம் நேரே கேட்பது: வெடிப்பீர்களா? கேட்கும்போது சட்டம் கதைக்கக் கூடாது. சட்டம் கதைத்தால் சுவிஸ்காரன் மாதிரிப் பாடம் எடுக்கிறாய் என்பான். பயமாயிருக்கிறது என்று சொல்லுங்கள். அல்பேனியனின் வீடு கடவுளுக்கும் விருந்தாளிக்கும் சொந்தம் என்பது அவர்களுடைய பழைய வழக்குச் சட்டமான கானூனில் உள்ள வாக்கு. வந்த விருந்தாளிக்கு ஒன்று நடந்தால் அது வீட்டுக்காரனின் மானப் பிரச்சினை. நான் இதை முதலே அறிந்திருந்தால் கோட்டில் சீமெந்துத் தூசி பட்டிருக்காது. இரண்டாம் நாள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் போய்த் தகப்பனின் காதில் ஏதோ சொன்னான். துவக்கு அதோடு வீட்டுக்குள்ளே போய்விட்டது.

சொல்லியும் வெடித்தால்? வெடி எப்போது வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம்: கார்கள் புறப்படும்போது, பொம்பிளை வாசலுக்கு வரும்போது, பிறகு ராக்கிச் சாராயம் தலைக்கேறிய இரவில். அந்த நேரங்களில் சீமெந்துத் தட்டுக்குக் கீழே நில்லுங்கள். அங்கே புது வீடுகள் பல மாடி வைத்துக் கட்டியவை, கீழ்த்தளத்தில் இடம் இருக்கும். பந்தல் துணியும் தகரமும் கணக்கில் இல்லை. முதல் நாள் நான் ஒதுங்கிய கீழ்த்தளத்தில் மாப்பிள்ளையின் பாட்டியும் வந்து இருந்தா. எங்களுக்குள் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. வெளியே சத்தம் கேட்கும்போதெல்லாம் அவ என் முழங்கையைப் பிடித்தா. செர்பியப் படைகளோடு நடந்த 1999 யுத்தத்தை அவவும் மறக்கவில்லைப் போல.

மேலே சுட்டது மேலேயே போய்விடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ஏகே சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 700 மீற்றருக்கு மேலான வேகம். செங்குத்தாகப் போனால் காற்று அதை மறித்து, விழும்போது வேகம் விநாடிக்கு 90 மீற்றர் அளவுக்குக் குறையும். மண்டை ஓட்டுக்கு அதுவும் காணும். ஆனால் கல்யாண வீட்டில் யார் செங்குத்தாகப் பிடிக்கிறான்? ஒரு கையில் துவக்கு, மற்றக் கையில் சிகரெட். சரிந்து போகிற சன்னம் கூடிய வேகத்தோடு, ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் எங்கேயோ இறங்கும். அதனால் தட்டுக்குக் கீழே நிற்பது உங்களைப் பக்கத்து வீட்டு வெடியிலிருந்துதான் காப்பாற்றும். உங்கள் வீட்டு வெடி அடுத்த ஊர்ப் பிள்ளைக்குப் போகிறது.

வெடிக்கிற நேரம் யாராவது சத்தமில்லாமல் சரிந்தால் வெறி என்று விட்டுவிடாதீர்கள். தலைமயிருக்குள் காயத்தைத் தேடுங்கள், சின்னதாகத்தான் இருக்கும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே இருப்பதை எடுக்கப் பார்க்க வேண்டாம். கொசோவோவில் அம்புலன்ஸ் 194, பொலிஸ் 192. 112உம் வேலை செய்யும்.

துவக்கை உங்கள் கையில் தருவார்கள். அது மரியாதை. மனைவி முன்னமே சொல்லிவைத்திருந்தா: "இஞ்ச பாருங்கோ, ஆரும் தந்தா வாங்கிப் போடாதேங்கோ." வலது கையை நெஞ்சில் வைத்து, தலையை லேசாகக் குனிந்து 'ஃபலெமின்தெரித்' என்று சொன்னால் போதும். நன்றி என்று அர்த்தம். நெஞ்சில் கை வைத்தவனை யாரும் வற்புறுத்தவில்லை. நிலத்தில் கிடக்கிற வெற்றுக் கோதையும் எடுக்காதீர்கள். சின்ன வயதில் கோது பொறுக்கி விளையாடிய பழக்கத்தில் ஒன்றைப் பொக்கற்றில் போட்டுவிட்டு மறந்துபோனேன். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் வரும், ஆயத்தமாகப் போங்கள். மாப்பிள்ளையின் மாமா கேட்டார்: சுவிஸ்காரன் வீட்டில் ஆமித் துவக்கு வைத்திருக்கிறான், சூரிச்சில் 13 வயதுப் பிள்ளைகளுக்குச் சுடும் திருவிழா வைக்கிறான், நான் சுட்டால் மட்டும் காட்டுமிராண்டியா? நியாயமான கேள்வி. 2011இல் ஆமித் துவக்குகளை வீட்டிலிருந்து எடுக்கக் கேட்ட வாக்கெடுப்பை 56 வீதத்தால் தோற்கடித்த நாடு அது. ஆனால் வீட்டில் வைக்கக் கொடுத்த சன்னங்களைத் திருப்பி வாங்குவதென்று 2007இலேயே முடிவாகியிருந்தது. 2015 பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆயுதச் சட்டத்தை இறுக்கியபோது, அதை ஏற்பதா என்று 2019இல் சுவிஸில் மறுபடி வாக்கெடுப்பு. கிட்டத்தட்ட 64 வீதம் ஆம் என்றது, தெசின் மாநிலம் மட்டும் இல்லை என்றது. சூரிச் பிள்ளை சுடுகிற சன்னத்துக்கு ஒரு இலக்கு இருக்கிறது என்று மாமாவுக்குச் சொன்னேன். சிரித்தார்.

என் அபிப்பிராயம், ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்தச் சட்டம் அந்த முற்றத்துத் துவக்கைத் தொடாது. அது எந்தப் பதிவிலும் இல்லை. 1997இல் அல்பேனியாவில் ஆயுதக் கிடங்குகளைச் சனம் உடைத்தபோது வெளியே போனவை மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். ஆயுதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவனிடம் அரசு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதுதான் கொஞ்சமாவது வேலை செய்திருக்கிறது: 2023 மே மாதம் பெல்கிரேட் பள்ளிக்கூடச் சூட்டுக்குப் பிறகு செர்பியா அப்படி அறிவித்து, முதல் வாரத்திலேயே 13,000க்கு மேற்பட்ட ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. இதை நான் அந்த மேசையில் சொன்னேன். நீங்கள் சொல்லாதீர்கள். கொசோவோக் கல்யாண வீட்டில் செர்பியாவை உதாரணம் காட்டிய முதல் விருந்தாளி நானாகத்தான் இருப்பேன். மாமா கரண்டியை வைத்துவிட்டார். பொம்பிளையின் தகப்பன் எழுந்து ஆடப் போய்த்தான் நிலைமை சீரானது.

கடைசியாக, சுவிஸில் வைக்கிற வரவேற்பு. இங்கே வெறும் சத்தம் போடுகிற கைத்துவக்கு விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். அசல் போலத் தெரிந்தால் சட்டத்துக்கு அது ஆயுதம். மாப்பிள்ளை இணையத்தில் ஒன்றுக்கு ஓடர் கொடுக்கப் போனான். குசினிக் கதவடியில் வைத்து சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவை என் போனில் காட்டினேன். குறிப்பிட்ட எட்டு நாட்டுப் பிரஜைகள் விசேட அனுமதி இல்லாமல் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செர்பியா, பொஸ்னியா, துருக்கி, மசிடோனியா, அல்பேனியா, அல்ஜீரியா என்று வாசித்துக்கொண்டே வந்தான். கொசோவோவில் நின்றான். பிறகு விரலை வைத்து இலங்கையைக் காட்டி, நீயுமா என்று கேட்டான்.

ஓம், நானும்தான். வரவேற்புக்கு ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கினான், மண்டபக்காரரிடம் கேட்டு வெளியே வைத்துக் கொளுத்தினோம்.