அரசமைப்புச் சட்டத்தைப் படித்துப் பேசக் கூடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"நீங்க எந்தக் கட்சிங்க?"

அரசமைப்புச் சட்டத்தைப் படித்துப் பேசுவதற்கு ஒரு கூட்டம் போடுகிறோம் என்று ஊரில் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் தெருவோரம் படிப்பகம் திறந்து, பேப்பர் வாங்கிப் போட்டு, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்தும் காட்டியது பெரும்பாலும் கட்சிகளும் இயக்கங்களும்தான். அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. அதனால் புத்தகமும் பொது விஷயமும் ஒன்றாக வந்தால் பின்னால் ஒரு கொடி இருக்கும் என்று ஜனங்கள் நினைப்பது இயல்பு. நான் சில வருடங்களாக ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இந்த வேலையில் இருக்கிறேன். நாங்கள் செய்த தவறுகளும் பக்கத்து ஊர்களில் பார்த்த தவறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

பெரிய தவறு, கட்சி சார்பில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் சண்டை வரக்கூடிய எதையுமே தொடாமல் விடுவது. எல்லோரும் எழுந்து நின்று முகவுரையை வாசிப்பார்கள், ஓட்டுப் போடுவது நம் கடமை என்று ஒருவர் பேசுவார், டீ வரும், கலைந்துவிடுவார்கள். அடுத்த மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வேறு. உதாரணமாக, கல்வி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை எடுங்கள். 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அது சரியா தவறா என்பதில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிலை உண்டு. ஆனால் இந்தப் பட்டியல்கள் இருக்கும் ஏழாவது அட்டவணையைத் திறந்து, முன்பு எந்த வரி எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் எது நிற்கும் என்று 254-ஆவது பிரிவு சொல்கிறது என்பதை வரி வரியாகப் படிப்பதற்கு எந்தக் கட்சியும் தேவையில்லை. படித்து முடித்த பிறகு அவரவர் கருத்தைச் சொல்லட்டும், சண்டை போடக்கூடச் செய்யட்டும். எல்லோர் கையிலும் ஒரே பக்கம் இருக்கும்போது அந்தச் சண்டை வேறு மாதிரி நடக்கிறது.

இதற்கு நான் கண்ட வரையில் அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அரசமைப்பு நிர்ணய சபையின் விவாதங்களைவிட நல்ல புத்தகம் இல்லை, ஏனென்றால் எதிரெதிர் தரப்புகள் இரண்டும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய மனமும் அறியாமையும் சாதி மத வெறியும் மண்டிய இடம் என்று கடுமையாகச் சொல்கிறார், வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதனை அடிப்படையாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்கிறார். கிராமத்தை இப்படிச் சொல்லலாமா என்று பல உறுப்பினர்கள் கொதிக்கிறார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி சென்னை மாகாணத்திலிருந்து போன கே. சந்தானம் ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருகிறார், அம்பேத்கர் அதை ஏற்றுக்கொள்கிறார். அதுதான் இன்றைய 40-ஆவது பிரிவு. அது நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத வெறும் வழிகாட்டும் நெறியாகவே கிடந்து, 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே ஓர் இடம் கிடைத்தது. இந்த இரண்டு நாள் பேச்சையும் எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது, கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் சொன்னது இன்றும் சரி என்று ஒரு அக்கா சொன்னார், ஊர் மாறிவிட்டது என்று ஒரு பெரியவர் சொன்னார். இரண்டு பேரும் தங்கள் தெருவிலிருந்துதான் பேசினார்கள். அன்று யாரும் எந்தத் தலைவரின் பெயரையும் இழுக்கவில்லை.

அப்புறம், கூட்டத்தைப் பட்டிமன்றமாக்காதீர்கள். பட்டிமன்றம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, கேட்கவும் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே அணி முதலிலேயே பிரிந்துவிடுகிறது, கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்கிறார். படித்துவிட்டு மனம் மாறியவருக்கு அதில் இடமே இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு விதிதான்: நீங்கள் சொல்வது எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் பேசுங்கள். குரல் தானாகவே இறங்கிவிடும்.

சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஃப்ளெக்ஸ் மூன்றும் வேண்டாம். ஃப்ளெக்ஸில் ஒருவர் படம் வந்தால் அடுத்தவர் ஆட்கள் வர மாட்டார்கள். இதைச் சமாளிக்க எல்லாக் கட்சியிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடுவோம் என்று ஆரம்பிப்பார்கள். அதுவும் தவறுதான், வந்தவர்கள் வாசகர்களாக இல்லாமல் பிரதிநிதிகளாக உட்கார்ந்துவிடுவார்கள். கரைவேட்டியோடு ஒருவர் தானாக வந்தால் மற்றவர்களைப் போலவே நாற்காலி போட்டு, கையில் பிரதியைக் கொடுங்கள். ஜெராக்ஸ் செலவை வருகிறவர்களே பத்து இருபதாகப் போட்டுக்கொண்டு, கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சின்னத் தொகைதானே என்று யாரோ ஒருவரிடம் மொத்தமாக வாங்காதீர்கள்.

வாட்ஸப்பில் வந்ததைச் சரிபார்க்காமல் கூட்டத்தில் சொல்வதும் நிறைய நடக்கிறது. நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் ரத்தாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரத்தாகாது. அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் ஜெயித்துவிடுவார். நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி ஆய்வுக்குரிய வாக்கு அளிக்கலாம் என்பது உண்மை, ஆனால் அப்படிப்பட்ட ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சாவடியில் மறுவாக்குப்பதிவு என்று சுற்றும் செய்தி பொய். இப்படி ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் சரியாகச் சொல்லும் ஒன்பதையும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் ஆள் சேர்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முடிவு வந்து மூன்று நான்கு மாதம் போனதும் தொடங்கினால் பேச்சில் சூடு குறைந்திருக்கும்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படிக்கலாம் என்று போனோம், ஐந்தாவது வாரம் நான்கு பேர்தான் இருந்தோம். பள்ளியில் குடிமையியலை மார்க்குக்காக மனப்பாடம் செய்த அலுப்பு பெரியவர்களிடமும் போகவில்லை. பிறகு ஒரு நாள் எல்லோரையும் வீட்டிலிருந்து சொத்து வரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னோம். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கிறது, சொத்து வரியில் 10 சதவீதம். சென்னை மாகாணம் 1948-இல் போட்ட பொது நூலகச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம் அது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறையே நம் பணத்தில் நடப்பது என்று தெரிந்ததும் முகங்கள் மாறியதைப் பார்த்தேன். ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகிறது, நம் நூலகத்துக்கு எவ்வளவு வருகிறது, ஏன் புதுப் புத்தகம் வரவில்லை என்று கேள்விகள் அடுத்தடுத்து வந்தன. யாருக்கும் பதில் தெரியவில்லை, 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. வகுப்பெடுத்திருந்தால் பதிந்திருக்காது.

நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாலை ஏழு மணிக்கு வைத்தால் பெண்கள் வர முடியாது, அடுப்படி வேலை இருக்கும். ஞாயிறு மூன்று மணிக்கு மாற்றினோம். படிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஒதுங்கிப்போகாமல் இருக்க ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். டீக்கடையில் பேப்பர் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. இப்போது வாசிப்பவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு தையல்காரர். நீளமான பிரிவு வந்தால் நிறுத்தி, "இதை இன்னொரு தடவை படிக்கட்டுமா?" என்று கேட்பார். பெரும்பாலும் எல்லோரும் படிக்கச் சொல்வார்கள்.