லாரி, பேருந்து விபத்துக்குப் பின் வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

கனரக வாகனம் மோதியதும் எல்லாரும் ஓட்டுநரைத்தான் தேடுகிறார்கள். அவர்மேல் வழக்குப் பதிந்ததும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே முடிந்துவிட்டதாக நினைப்பது முதல் தவறு. வேலையின்போது ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தால் அவரை வேலைக்கு வைத்தவரும் இழப்பீடு தர வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். சரக்கை ஏற்றியவர், பிரேக் வேலை பார்த்த வொர்க்‌ஷாப், பழுதான பாகத்தைத் தயாரித்த நிறுவனம் ஆகியோரும் பொறுப்பில் வரலாம். முன்னால் இழுக்கும் வண்டி ஒருவருடையதாகவும் பின்னால் உள்ள டிரெய்லர் இன்னொருவருடையதாகவும் இருப்பது சகஜம். எனவே இரண்டின் பதிவு எண்ணையும் தனித்தனியே படம் எடுங்கள்.

இரண்டாவது தவறு, வண்டி எங்கே போகிறது என்று கவனிக்காமல் விடுவது. நவீன லாரிகளின் இன்ஜின் கணினி பலவற்றில் திடீர் பிரேக் போட்டபோது இருந்த வேகம், பிரேக் மிதி, ஆக்சிலரேட்டர் நிலை ஆகியவை பதிவாகும். சில மாடல்களில் வண்டியை மறுபடி ஓட்டினாலே கடைசிப் பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். கேமரா பதிவும் இடம் நிறைந்ததும் தானாக அழியும். ஆகவே வண்டியையும் பதிவுகளையும் மாற்றாமல் பாதுகாக்கச் சொல்லி உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் கடிதம் போக வேண்டும். வாய்வார்த்தை போதாது. அது முதல் சில நாட்களுக்குள் போக வேண்டும். பழுதுபார்த்த பிறகோ பழைய இரும்புக்குப் போட்ட பிறகோ கடிதம் போய்ப் பயனில்லை.

அதிகம் பாழாவது பிரேக் சான்றுதான். காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்கில் மிதியை அழுத்தும்போது, சக்கரத்தருகே உள்ள சேம்பர் என்ற காற்றறையிலிருந்து புஷ்ராட் என்ற தள்ளுகம்பி எவ்வளவு வெளியே வருகிறது என்பதே முக்கியமான அளவு; இதை ஸ்ட்ரோக் என்பார்கள். ‘டைப் 30’ என்ற அளவுள்ள சாதாரண சேம்பருக்கு அமெரிக்க விதிப்படி எல்லை 2 அங்குலம். இன்ஜினை நிறுத்தி, காற்றழுத்தம் 90 முதல் 100 பிஎஸ்ஐ இருக்கும்போது அளக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரியும்; அதை உரசிப் பிடிக்கும் லைனிங் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால்தான் பிடிக்கும். ஸ்ட்ரோக் ஏற்கெனவே எல்லையில் இருந்தால் மிதி முழுக்க இறங்கினாலும் வண்டி நிற்காது. வண்டியை இழுத்துச் செல்ல வருபவர் வசதிக்காக, பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டால் இந்த அளவு போனது போனதுதான். அளந்து முடியும்வரை யாரும் தொடக் கூடாது. தானாகவே சரிசெய்துகொள்ள வேண்டிய ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டரை அடிக்கடி கையால் சரிசெய்ததாகப் பராமரிப்புப் பதிவில் இருந்தால், உண்மையான பழுதைச் சரிசெய்யாமல் ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

சாலையில் டயர் தடம் இல்லாததால் ஓட்டுநர் பிரேக்கே போடவில்லை என்று சொல்லிவிடுவதும் தவறு. ஏபிஎஸ் என்ற பிரேக் கட்டுப்பாட்டு அமைப்பு சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ள விடாது என்பதால் கருந்தடம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் கார் நிற்கச் சுமார் 95 மீட்டர் போதும். முழுச்சுமை லாரிக்கு ஏறத்தாழ 160 மீட்டர் வேண்டும். கார் கணக்கில் லாரியை எடைபோட்டால் முடிவு தப்பாகும்.

தூக்கக் கலக்கத்தை நிரூபிக்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 45 நிமிட இடைவேளை கட்டாயம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் பதியும் டாக்கோகிராஃப் கருவியின் பதிவை அல்லது மின்னணுப் பதிவேட்டை டீசல் ரசீது, சுங்கச்சாவடி நேரம், சரக்கு இறக்கிய கையெழுத்து ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பொய்ப்பதிவு வெளிப்படும். அமெரிக்காவில் நிறுவனம் இந்தப் பதிவுகளை 6 மாதம்தான் வைத்திருக்க வேண்டும். தாமதித்தால் சட்டப்படியே அழித்துவிடலாம்.

சரக்கு சரிந்த விபத்தில் கட்டிய கயிறு, பெல்ட், சங்கிலி எல்லாவற்றையும் அறுந்த நிலையிலேயே எடுத்துவையுங்கள். முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அளவுகோல். வெடித்த டயரின் துண்டுகளும் அப்படியே. பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) குறியீடு 2319 என்று முடிந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர்.

பேருந்துப் பயணிகள் பயணச்சீட்டைத் தொலைக்கக் கூடாது. எந்த இருக்கை, பெல்ட் இருந்ததா, அவசர வழி திறந்ததா, எத்தனை பேர் நின்றார்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள்.

காயம் முழுதாகத் தெரியுமுன் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தலைக்காயமும் முதுகெலும்புக் காயமும் வாரங்கள் கழித்தும் தலைகாட்டும். முழுத்தீர்வு என்று கையெழுத்திட்ட பிறகு மேல்சிகிச்சைக்குக் கேட்பது மிகக் கடினம். அதே சமயம் வழக்குத் தொடர ஒவ்வொரு நாட்டிலும் காலவரம்பு உண்டு. அரசுப் பேருந்தாக இருந்தால் முன்னறிவிப்புக்கான கெடு இன்னும் குறுகியதாக இருக்கலாம். அதை முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.